நெஞ்சுக்குள் ஒரு தேய்மானக் கணக்கு

கடைக்குக் குளிர்சாதனப் பெட்டி வாங்கினால் எத்தனை வருடம் உழைக்கும் என்று கேட்கிறோம். லொறி வாங்கினால் தேய்மானம் கழிக்கிறோம். நெஞ்சுக்குள் வைத்த பொருளுக்கு மட்டும் என் குடும்பம் அந்தக் கணக்கைப் போடவில்லை.

வவுனியாவில் மொத்த வியாபாரம் செய்யும் என் நானாவுக்கு 56 வயதில் இருதயத்தின் பெருநாடி வால்வு சுருங்கியது. மாற்றுவதற்கு டொக்டர் இரண்டு வகை சொன்னார். மெக்கானிக்கல் வால்வு இலேசில் தேயாது. ஆனால் இரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க வார்பரின் குளிசையும் அடிக்கடி இரத்தப் பரிசோதனையும் வேண்டும். மற்றது மிருகத் திசு வால்வு. பன்றியின் வால்விலோ மாட்டின் இருதய உறையிலோ செய்வது. பெரும்பாலானோருக்கு வார்பரின் ஆயுள் முழுக்கத் தேவையில்லை.

கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று லொறியோடு அலையும் நானா திசு வால்வையே விரும்பினார். பன்றி என்றதும் மனம் இடறியது. மாட்டு உறை வால்வு கிடைத்ததும் ஆறுதலடைந்தார்.

1960களில் பிரான்சின் அலெய்ன் கார்ப்பென்டியர், குளூட்டரால்டிஹைட் என்ற இரசாயனத்தில் பதப்படுத்தி இத்திசுவை உறுதியாக்கினார். ஆனாலும் காலப்போக்கில் அதில் கல்சியம் படியும், இதழ்கள் விறைக்கும் அல்லது கிழியும். பொதுவாக 10 முதல் 15 வருடம் உழைக்கும். முதியவர்களுக்கு அதைவிடவும் கூடலாம். இளவயதினருக்குச் சீக்கிரம் பழுதாகும். அதனால்தான் அமெரிக்க இருதய மருத்துவ அமைப்புகளின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டி, பெருநாடி வால்வுக்கு 50 வயதுக்குக் குறைந்தோருக்கு மெக்கானிக்கலையும் 65க்கு மேற்பட்டோருக்குத் திசுவையும் பொதுவாகப் பரிந்துரைக்கிறது. இடைப்பட்டோர் டொக்டருடன் பேசித் தீர்மானிக்க வேண்டும்.

நானா செய்த தவறு தெரிவில் இல்லை. உடம்பு நன்றாக இருக்கிறதென்று நான்காம் வருடத்தோடு கிளினிக்கை விட்டதுதான். பன்னிரண்டாம் வருடம் கடைப்படி ஏறவே மூச்சு வாங்கியது. எக்கோ பரிசோதனையில் வால்வு மீண்டும் சுருங்கியிருந்தது. இப்போது இரண்டாவது சிகிச்சைக்குக் காத்திருக்கிறார். பழைய வால்வுக்குள் தொடை நாளம் வழியாகப் புதியதை வைக்கும் முறையும் இன்று உண்டு. எல்லோருக்கும் அது பொருந்தாது, செலவும் அதிகம்.

கையில் ஒதுக்கிய பணமில்லை. கடன் கொப்பியின் கணக்கு அவர் தலைக்குள் மட்டுமே. மகனுக்கு யார் எவ்வளவு தர வேண்டும் என்பதே தெரியாது.

வால்வு மாற்றிய வியாபாரச் சகோதரர்களே! டொக்டர் சொன்ன தவணையில் எக்கோ பாருங்கள். பல் வைத்தியரிடம் போனால் வால்வு இருப்பதை முதலில் சொல்லுங்கள். கிருமி தொற்றினால் ஆபத்து. மாதாமாதம் சிறு தொகை ஒதுக்குங்கள். கணக்கை வீட்டில் இன்னொருவருக்கும் காட்டி வையுங்கள். தேய்மானம் என்பது நட்டமல்ல. முன்கூட்டியே தெரிந்த செலவு.