உருக்கின் பதம்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அடுக்களையிற் பிறந்த முதுமொழி. அணுவுலை உருக்கைச் சோதிப்போரும் இன்று அவ்வழியையே நாடுகின்றனர்.

அணுவுலைக் கலம் தடித்த உருக்கினாலானது. உலை இயங்குங்கால் நியூத்திரன்கள் அதனை இடையறாது தாக்கி, அணுக்களை இடம்பெயரச் செய்கின்றன. ஆண்டுகள் செல்ல உருக்கின் வன்மை மிகும். வளைந்து கொடுக்கும் இயல்போ குன்றும். எனவே அவ்வுருக்கின் துண்டுகளைக் கலத்தினுள் வைத்து, உரிய காலத்தில் எடுத்துச் சோதிப்பர். ஊசல்போல் ஆடிவரும் சம்மட்டியால் அடித்து முறிக்கும் சார்ப்பி சோதனைக்கு 55 மில்லிமீற்றர் நீளமும், 10 மில்லிமீற்றர் அகலமும் தடிப்பும் உள்ள துண்டு வேண்டும். உலையினுள் இடமோ சிறிது, துண்டோ கதிர்வீச்சுடையது.

1981இல் மனஹான், ஆர்கன், ஹார்லிங் என்னும் அமெரிக்க ஆய்வாளர் மூவர் 3 மில்லிமீற்றர் விட்டமும் 0.25 மில்லிமீற்றர் தடிப்புமுள்ள வில்லையை வளைத்துச் சோதிக்கும் முறையை வெளியிட்டனர். சார்ப்பித் துண்டொன்றின் கனவளவில் இத்தகைய வில்லைகள் 3000 அடங்கும்! இதனையொத்த மற்றொரு முறையில், வில்லையின் விளிம்பை இறுகப் பற்றி, நடுவே சிறு குண்டை அழுத்துவர். விசையையும் வில்லை அமிழும் அளவையும் ஒருங்கே குறிப்பர். வேலை விரைவில் முடியும். கதிர்வீச்சின் இடரும் குறையும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். பானை முழுதும் ஒருசீராக வெந்தாலன்றி முதுமொழி பொருந்தாது. கலத்திலோ ஒட்டிணைத்த பகுதி வேறு, ஒட்டாத பகுதி வேறு. தடித்த சுவரில் வெடிப்புப் படரும் விதத்தை மெல்லிய வில்லை நேரே காட்டுவதுமில்லை. ஆதலாற் சிறு சோதனையின் முடிவைப் பெருஞ் சோதனையோடு ஒப்பிட்டே கொள்ளல் வேண்டும்.

சோறு பதஞ் சொல்லும். அதனைப் பானையின் எப்பக்கத்தில் எடுத்தோம் என்பதை நாமன்றோ அறிந்திருத்தல் வேண்டும்!