ஜவ்வரிசி ஆலைக் கழிவு நீரில் அடுப்பெரிகிறது

காய்ச்சல் கண்டவருக்குக் கஞ்சியாகவும் விருந்து நாளில் பாயசமாகவும் நம் இல்லங்களுக்கு வந்து சேரும் ஜவ்வரிசி, வெண்முத்துப் போன்று தூய்மையாகக் காட்சியளிக்கிறது. அது உருவாகும் சேலம், நாமக்கல் வட்டாரத்துச் சேகோ ஆலைகளின் பின்புறம் வழிந்தோடும் நீரையும் நாம் சற்றே நோக்குதல் வேண்டும்.

குச்சிக் கிழங்கு என்று அப்பகுதி மக்கள் வழங்கும் மரவள்ளியைக் கழுவித் தோல் நீக்கி அரைத்து, சல்லடையில் வடித்து, மாவுப்பாலைத் தொட்டிகளில் தேக்குகின்றனர். மாவு அடியில் படிந்ததும் மேல் நீர் வெளியேற்றப்படுகிறது. மாவும் சர்க்கரையும் எஞ்சியுள்ள அந்நீர் விரைவிலேயே புளித்து நாறும். கிழங்கிற்கே இயல்பான சயனைடு நஞ்சும் அதில் ஓரளவு உண்டு. சுத்திகரிக்காது விட்டால் அது நிலத்தில் ஊறி அண்டை அயலாரின் கிணற்றைக் கெடுக்கும். கிழங்கை விளைவித்த உழவரும் அக்கிணறுகளை நம்பி வாழ்பவரே என்பதை மறத்தலாகாது.

ஆயினும், நாற்றத்திற்குக் காரணமான அப்பொருளே எரிபொருளாகவும் மாறவல்லது. 1776-இல் இத்தாலிய அறிஞர் வோல்ட்டா, மஜோரே ஏரிக்கரைச் சேற்றைக் கிளறி, மேலெழுந்த குமிழிகளைச் சேகரித்துக் கொளுத்திப் பார்த்தார், எரிந்தது. அதுவே மீத்தேன். காற்றுப் புகாத தொட்டியில் கழிவு நீரை அடைத்தால், ஒருவகை நுண்ணுயிர்கள் அதிலுள்ளவற்றை அமிலமாக்க, வேறொரு வகை அவ்வமிலத்தை உண்டு மீத்தேனை வெளியிடுகின்றன. நீரிலுள்ள மாசினை, அதனை முற்றும் எரிக்க வேண்டிய பிராணவாயுவின் எடையால் அளப்பது வழக்கம். அவ்வளவையில் 1 கிலோ மாசு சிதைந்தால் ஏறத்தாழ 350 லிட்டர் மீத்தேன் கிடைக்கும்.

1970-களில் நெதர்லாந்துப் பேராசிரியர் லெட்டிங்கா, பீட்ரூட் இனக் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலைகளின் கழிவு நீருக்கென ஒரு தொட்டியை வகுத்தார். கழிவு நீர் அடியிலிருந்து மேல்நோக்கி ஏற, நுண்ணுயிர்கள் சிறு மணிகளாகத் திரண்டு அடியிலேயே தங்கிவிடுகின்றன. (ஜவ்வரிசியை ஒத்த மணிகள் என்பது ஒரு வேடிக்கை!) இதனால் சிறு தொட்டியும் பெருவேலை செய்கிறது.

சேலம் வட்டாரத்தில் இத்தகைய எரிவாயுக் கலன்களை நிறுவிய ஆலைகள் உண்டு. அவ்வாயு விறகிற்கு மாற்றாக அடுப்பிலும், மின்சாரம் ஆக்கும் எந்திரத்திலும் எரிகிறது. திறந்த குட்டையில் தேக்கினாலும் மீத்தேன் எழத்தான் செய்யும். ஆனால் அது வீணே வானில் கலந்து, நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல் இருபத்தைந்து மடங்கிற்கும் மேலாகப் பூமியைச் சூடாக்கும்.

இடர்ப்பாடுகளும் இல்லாமல் இல்லை. நீரின் புளிப்பு மிகுந்தால் மீத்தேன் தரும் நுண்ணுயிர்கள் சோர்ந்துவிடும். சுண்ணாம்பு சேர்த்தோ, சுத்திகரித்த நீரைக் கலந்தோ அதனைத் தணிக்க வேண்டும். கிழங்கு வரத்து ஓயும் மாதங்களில் அவை பட்டினி கிடக்கும். மீண்டும் ஆலை ஓடத் தொடங்கினால் சிறிது சிறிதாகவே தீனியிட வேண்டும். எல்லாவற்றினும் பெரிய தடை முதலீடே. விறகுச் செலவில் மிச்சப்படுவதை மட்டும் கணக்கிடும் சிறு ஆலைக்காரர் தயங்குவது இயற்கை. கெடாமல் தப்பும் கிணறுகளின் மதிப்பையும் அக்கணக்கில் ஏற்றினாலன்றி அது முழுமையாகாது என்பது நம் கருத்து. அக்கம்பக்கத்து ஆலைகள் சேர்ந்து ஒரே கலனை அமைத்தால் செலவு குறையும். ஆயின் நீரைக் கொண்டு சேர்க்கும் குழாய்களின் செலவையும் முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும்.