பேரப் பிள்ளைகள் கைக்குப் போகும் போட்டோக்கள்

பழைய குடும்பப் போட்டோக்களில் காகிதத்துக்கு முன்பே அழிந்துபோவது, அவற்றில் இருப்பவர்களின் பெயர்கள். ஒழுங்காகக் கழுவி எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் நூறு ஆண்டுகூடத் தாங்கும். ஆனால் நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் யார், பின்வரிசையில் குடுமியோடு நிற்கும் இளைஞர் எந்த ஊர்க்காரர் என்று சொல்லக்கூடியவர் வீட்டில் ஒரே ஒரு பாட்டியாக இருப்பார். அவருக்குப் பிறகு, படம் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் பேரப் பிள்ளைகளுக்கு அது யாரோ ஒருவருடைய படம்தான். அதனால் ஸ்கேனர் தேடுவதும் ஆல்பம் வாங்குவதும் பொறுக்கலாம். பெயர் கேட்டு எழுதும் வேலை பொறுக்காது.

பெரும்பாலான வீடுகளில் படங்கள் ஓரிடத்தில் இருப்பதில்லை. பீரோவின் அடித்தட்டு, பரண்மேல் டிரங்குப் பெட்டி, பழைய பிஸ்கட் டின், பூஜையறைச் சுவர் என்று சிதறிக் கிடக்கும். அவற்றை ஒன்றுசேர்க்கும்போது எது எதனோடு கிடந்தது என்பதைக் கலைத்துவிடக் கூடாது. ஒரே உறையில் இருந்த ஐந்தாறு படங்கள் பெரும்பாலும் ஒரே விசேஷத்தில் எடுத்தவை. ஒன்றுக்கு நாள் தெரிந்தால் மற்றவற்றுக்கும் தெரிந்துவிடும். ஸ்டுடியோக்காரர் கொடுத்த உறையையும் தூக்கிப்போட வேண்டாம். அதிலுள்ள முகவரியும், மூன்றோ நான்கோ இலக்கத் தொலைபேசி எண்ணும் காலத்தைக் கணிக்க உதவும்.

வயதானவர் கையில் உள்ளங்கையளவுப் படத்தைக் கொடுத்து 'இது யார்' என்று கேட்டால் பாதி முகங்கள் அவருக்குத் தெரியாது. பார்வைதான் காரணம், மறதி அல்ல. செல்போனில் படம் பிடித்து டி.வி. திரையில் பெரிதாகக் காட்டினால் பெயர்கள் தானாக வரும். பக்கத்தில் இன்னொரு போனில் பேச்சைப் பதிவு செய்துகொள்வது நல்லது. பெயரோடு சேர்ந்து வரும் சண்டை, சம்பந்தம், நிலத் தகராறு எல்லாவற்றையும் கையால் எழுதி முடியாது. ஒரே மூச்சில் நூறு படம் கேட்பது கொடுமை. பத்துப் பதினைந்தோடு நிறுத்திக்கொண்டால் மறுநாள் அவரே கூப்பிட்டு, நேற்றுச் சொன்ன ஒன்றைத் திருத்துவார்.

எழுதும் முறையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 'சின்னத் தாத்தா', 'மெட்ராஸ் அத்தை' என்று எழுதிவைத்தால், எழுதியவருக்கு அத்தையாக இருந்தவர் அவருடைய பேத்திக்கு யார் என்ற கணக்கு இரண்டு தலைமுறையில் குழம்பிவிடும். முழுப்பெயர், வீட்டில் கூப்பிட்ட பெயர், தகப்பனார் பெயர், ஊர் ஆகிய நான்கையும் எழுதி, உறவுமுறையைக் குடும்பத்தில் எல்லாரும் அறிந்த ஒருவரை வைத்துச் சொல்ல வேண்டும்: 'இன்னாருடைய மனைவியின் தங்கை' என்பது போல. குழுப் படத்தில் இடமிருந்து வலமாக, வரிசை வரிசையாக எழுத வேண்டும். உறுதியில்லாத பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறியும், சொன்னவர் பெயரும் இருக்கட்டும்.

படத்தின் பின்பக்கம் எழுதப் பந்துமுனைப் பேனா ஆகாது. அழுத்தம் முன்பக்கத்தில் கோடாகத் தெரியும்; மை நாளடைவில் ஊறும். பழைய காகிதப் பிரிண்டுகளுக்கு மென்மையான பென்சில் போதும், அதுவும் ஓரமாக. 1970களுக்குப் பிறகு பரவலான பிளாஸ்டிக் பூச்சுக் காகிதத்தில் பென்சில் பிடிக்காது. அவற்றுக்கு ஓர் உறை எடுத்து, படத்தை உள்ளே வைப்பதற்கு முன்பே உறைமேல் எழுதிவிடலாம்.

சொல்ல ஆளில்லாத படங்களும் கொஞ்சம் பேசும். பின்னணித் திரையில் தீட்டிய மாடிப்படியும் பூந்தோட்டமும், பக்கத்தில் வைத்த ரேடியோ, டெலிபோன், பிளாஸ்டிக் பூச்சாடி ஆகியவை ஸ்டுடியோவின் சொத்து. அதே திரை வேறொரு உறவினர் வீட்டுப் படத்திலும் இருந்தால் ஊரும் காலமும் அகப்படும். தமிழ்நாட்டு வீடுகளில் தவறாமல் கிடைக்கும் ஒரு வகை, பூ வைத்துத் தைத்த சடையோடு கண்ணாடி முன்னால் நிற்கும் பெண்ணின் படம். முகம் காமிராவைப் பார்க்கும். பின்னாலுள்ள கண்ணாடியில் சடை முழுதும் தெரியும். மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு நாள்களில் எடுத்தவை இவை. அந்தப் பெண் பிறந்த ஆண்டு தெரிந்தால் படத்தின் ஆண்டை ஓரளவு சொல்லிவிடலாம். இத்தகைய படங்கள் ஆய்வாளர்களுக்கும் ஆவணம்தான். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்ட உதவியோடு, தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களிலும் வீடுகளிலும் இருந்த 1880 முதல் 1980 வரையிலான படங்களைத் தேடி மின்பிரதி எடுத்திருக்கிறார்கள்.

எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்ற கேள்வியில் பலரும் தலைகீழாக முடிவெடுக்கிறார்கள். கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் மட்டும் இருக்கும் அழகான படங்களை வைத்துக்கொண்டு, பரிசு கொடுக்க வரிசையில் வந்து நின்றவர்களின் படங்களைக் கழித்துவிடுகிறார்கள். மணமக்களுக்கு வேறு நூறு படம் இருக்கும். கிராமத்திலிருந்து வேனில் வந்து, மேடையேறி, கூச்சத்தோடு ஒரு நொடி நின்று இறங்கிய பெரியப்பாவுக்கு வாழ்நாளில் அது ஒன்றே படமாக இருக்கக்கூடும். தாராளமாகக் கழிக்க வேண்டியவை ஆளில்லாத கோயில் கோபுரங்களும், ஊட்டிப் பூங்காவும், ஒரே காட்சியை நாலு தரம் எடுத்தவையும்தான்.

இறந்தவரை நாற்காலியில் அமர்த்தி, மாலை போட்டு, சுற்றிலும் குடும்பம் நின்று எடுத்த படங்களைக் கண்டதும் கிழித்துவிடத் தோன்றும். ஒரு காலத்தில் பல குடும்பங்களுக்கு மூத்தவரின் ஒரே படம் அதுவாகத்தான் இருந்தது. சிறு பிள்ளைகள் புரட்டும் ஆல்பத்தில் வேண்டாம் என்றால் தனி உறையில் விவரம் எழுதி வைக்கலாம்.

இனி காகிதத்தின் பாடு. கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவத்தைத் தாங்குவது ஜெலட்டினில் பதிந்த நுண்ணிய வெள்ளித் துகள். காற்றில் உள்ள கந்தகமும் ஈரமும் பட்டால் கருமையான இடங்களின் ஓரத்தில் நீலம் கலந்த உலோக மினுக்கம் வரும். ஸ்டுடியோவில் படத்தை நிலைநிறுத்தப் பயன்படுத்திய ஹைப்போ ரசாயனம் சரியாகக் கழுவப்படாத படம் மஞ்சளாகும். கலர் படத்தில் வெள்ளி கிடையாது, மூன்று சாயங்கள்தான். 1960, 70களின் கலர் பிரிண்டுகளில் நீலச் சாயம் இருட்டில் வைத்தாலும் முதலில் வெளிறும். அந்தக் காலத்துப் படங்களெல்லாம் செம்மண் பாய்ந்ததுபோல் இருப்பது அதனால்தான். ஆகவே ஸ்கேன் எடுப்பதில் 1940ஆம் ஆண்டுத் தாத்தா படத்தைவிட 1975ஆம் ஆண்டுக் கலர் படத்துக்கு அவசரம் அதிகம்.

ஜெலட்டின் என்பது மிருகப் புரதம். பூஞ்சணத்துக்கும் ராமபாணப் பூச்சிக்கும் அது தீனி. காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும். சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் அது சர்வசாதாரணம். பரணில் வெயில் தகிக்கும், தரையோடு ஒட்டிய அடித்தட்டில் ஓதம் ஏறும், குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரியும் ஆகாது. உள்ளறையில் இருக்கும் இரும்பு பீரோவின் நடுத்தட்டு நல்ல இடம். மரம் காலப்போக்கில் அமில ஆவி விடும். சூளையில் பெயின்ட் சுட்ட இரும்பு விடாது. சிலிக்கா ஜெல் பொட்டலங்களை மாற்றி மாற்றி வைத்தால் ஈரம் குறையும். பாச்சை உருண்டை புடவைக்குச் சரி, போட்டோவுக்கும் நெகட்டிவுக்கும் வேண்டாம்.

ஆல்பங்களில் மோசமானது, 1970, 80களில் நாகரிகமாக வந்த ஒட்டுத்தாள் ஆல்பம். பசைக் கோடுகள் போட்ட அட்டையில் படத்தை வைத்து மேலே பிளாஸ்டிக் தாளை இழுத்து மூடும் வகை. அந்தப் பசை படத்தின் முதுகில் ஏறிப் பழுப்பாக்கும், பிறகு விடவே விடாது. பிய்த்தால் படம் கிழியும். பல் தேய்க்கும் மெழுகு நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே மெல்ல அறுத்தாற்போல் இழுத்தால் சில படங்கள் வரும். வராதவற்றைப் பக்கத்தோடு ஸ்கேன் எடுத்துவிடுவதே புத்திசாலித்தனம். கறுப்பு அட்டையில் மூலைக் கார்னர் வைத்து ஒட்டிய தாத்தா காலத்து ஆல்பம் எவ்வளவோ மேல். புதிதாக வாங்குபவர்கள் பி.வி.சி. உறைகளைத் தவிர்த்து, பாலிபுரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறைகளைக் கேட்டு வாங்க வேண்டும். செல்லோடேப் ஒட்டுவதும் லேமினேஷன் போடுவதும் திரும்பப் பெற முடியாத சேதம்.

சுவரில் மாட்டிய படங்களின் கதை வேறு. கண்ணாடிமேல் வைக்கும் சந்தனமும் குங்குமமும் சட்டத்தின் கீழிடுக்கில் இறங்கும், மாலையின் ஈரம் பின்னட்டைக்குப் போகும், அந்த அட்டை வழியாகக் கரையான் வரும். படம் நேரடியாகக் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஈரக் காலத்தில் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய படத்தைப் பெயர்த்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். விளக்கை அணைத்து, ஜன்னல் வெளிச்சத்தில், பளபளப்பு விழாத கோணத்தில் கண்ணாடியோடு சேர்த்தே படம் பிடிப்பது ஒன்றே வழி. பூஜைக்கும் மாலைக்கும் ஒரு நகலை மாட்டிவிட்டு, மூலத்தை பீரோவில் வைப்பது இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை வீடுகள் பல ஆல்பங்களை இழந்தன. நனைந்த படங்களை உடனே துடைக்கக் கூடாது. ஊறிய பரப்பு கையோடு வரும். சுத்தமான தண்ணீரில் மெல்ல அலசி, முகம் மேலே இருக்க, வெயில் படாமல் காற்றில் உலர்த்த வேண்டும். கையால் வண்ணம் தீட்டிய பழைய படங்களுக்கு அலசலும் ஆகாது. இரண்டு நாளுக்குள் எல்லாவற்றையும் பிரித்து உலர்த்த முடியாவிட்டால், இடையிடையே பிளாஸ்டிக் தாள் வைத்து ஃபிரீசரில் போட்டு, பிறகு சாவகாசமாக எடுக்கலாம்.

ஸ்கேன் எடுக்கும்போது 600 டிபிஐ என்பது சாதாரண பிரிண்டுகளுக்குப் போதிய அளவு. 4க்கு 6 அங்குலப் படம் அந்த அளவில் சுமார் 86 லட்சம் புள்ளிகளாகும். சுருக்காத டிஃப் கோப்பாக வைத்தால் 26 எம்.பி. வரும். முக்கியமான படங்களை டிஃப்பாகவும் மற்றவற்றை உயர்தர ஜேபெக்காகவும் வைக்கலாம். நெகட்டிவ் கிடைத்தால் அதைத்தான் முதலில் ஸ்கேன் எடுக்க வேண்டும். ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த ஆக்ஃபா கிளிக் 3 காமிராவில், ஒரு சுருளுக்கு 12 சதுரப் படங்கள் விழும். ஒவ்வொரு நெகட்டிவும் ஏறத்தாழ 6 செ.மீ. ஆல்பத்தில் தீப்பெட்டி போல் இருக்கும் படத்தின் நெகட்டிவில் புடவைக் கரை வரை தெரியும். நெகட்டிவ் காடிபோல் புளித்த வாடை அடித்தால் அதன் பிளாஸ்டிக் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். மற்றவற்றிலிருந்து பிரித்து முதலில் அதைக் கவனிக்க வேண்டும். கல்யாண வீடியோ கேசட்டுகளுக்கும் அவசரம் உண்டு. வி.எச்.எஸ். கருவி தயாரித்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய், 2016இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது.

கறுப்பு வெள்ளைக்குத் தானாக நிறம் பூசித் தரும் செயலிகள் இப்போது ஏராளம். அவை பூசும் புடவை நிறம் வெறும் ஊகம். உடுத்தியவரே பார்த்து 'இது அரக்கு இல்லை, மாம்பழ மஞ்சள்' என்று சொல்லக்கூடும். திருத்திய படத்தைத் தனிக் கோப்பாக, திருத்தியது என்று குறித்து வைத்து, மூல ஸ்கேனைத் தொடாமல் விட வேண்டும்.

கோப்புக்கு ஆண்டு, மாதம், தேதி என்ற வரிசையில் பெயரிட்டால் கணினி தானே காலவரிசையில் அடுக்கும். 1968-05-00 என்றால் தேதி தெரியவில்லை என்று பொருள். அதன்பின் ஊர், விசேஷம், பெயர். தமிழிலேயே எழுதலாம், ஆனால் யுனிகோடில். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய குறிப்புகள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, கோப்புக்குள் எழுதிய விவரமும் போய்விடும். டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகும்.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறிடத்தில் என்பது போட்டோ கலைஞர் பீட்டர் குரோக் வகுத்த விதி. ஈழத் தமிழர் அதைப் பட்டே அறிந்தவர்கள். போர்க்கால இடப்பெயர்வுகளில் வீட்டோடு ஆல்பமும் போக, லண்டனுக்கும் டொராண்டோவுக்கும் முன்பு தபாலில் அனுப்பிய பிரதிகளே பல குடும்பங்களுக்கு மிஞ்சின. இன்று ஒரு ஹார்ட் டிஸ்க் வீட்டிலும், இன்னொன்று வேறு ஊரிலுள்ள பிள்ளையிடமும், மூன்றாவது இணையச் சேமிப்பிலும் இருக்கலாம். ஹார்ட் டிஸ்க்கை ஐந்தாறு ஆண்டுக்கொரு முறை புதியதற்கு மாற்ற வேண்டும். மூலப் படங்களைப் பிள்ளைகளுக்குள் பங்கு போடாமல் ஒருவரிடம் மொத்தமாக விட்டு, மற்றவர்களுக்கு நகல் கொடுப்பது உசிதம். யாரிடம் எது இருக்கிறது என்பதாவது எல்லாருக்கும் தெரியும்.

செல்போன் படங்களில் ஆபத்து எண்ணிக்கை. பத்தாயிரம் படத்தை எந்தப் பேரனும் புரட்டப் போவதில்லை. ஆண்டு முடிவில் நூறு படம் பொறுக்கி, பெயர் சேர்த்து, அதில் சிலவற்றையாவது லேபில் பிரிண்ட் போட்டு வைத்தால் அது ஆல்பம். மீதி போனிலேயே கிடக்கட்டும்.

இணையச் சேமிப்புக்கு ஒரு வாரிசு வேண்டும். கூகுள் கணக்கை இரண்டு ஆண்டு யாரும் பயன்படுத்தாவிட்டால், அதிலுள்ள படங்களோடு சேர்த்து நீக்கும் அதிகாரம் நிறுவனத்துக்கு உண்டு. கணக்கு அமைப்பில் உள்ள செயலற்ற கணக்குப் பகுதியில் மகன், மகள் அல்லது பேத்தியின் மின்னஞ்சலைக் கொடுத்துவைத்தால், குறித்த மாதங்கள் கணக்கு அசையாமல் இருந்ததும் அவர்களுக்குச் செய்தி போகும், படங்களை இறக்கிக்கொள்ளலாம். ஆப்பிள் போன்களில் 2021 டிசம்பரிலிருந்து வாரிசுத் தொடர்பு வசதி இருக்கிறது. அதில் நியமிக்கப்பட்டவர் இறப்புச் சான்றிதழோடு, முன்பே உருவாக்கித் தரப்படும் திறவு எண்ணையும் காட்ட வேண்டும். அந்த எண்ணை அச்சிட்டு, பீரோவில் போட்டோப் பெட்டியோடு வைத்துவிடலாம்.