பெண்களின் கதையில் ஆணும் மனிதனாக வேண்டும்

பெண்களின் வாழ்வைச் சொல்லும் சிறுகதைகளில் ஆண்கள் பெரும்பாலும் இரண்டு அச்சுகளில்தான் வார்க்கப்படுகிறார்கள். ஒருவன் குடித்துவிட்டு அடிப்பவன். மற்றவன் எல்லாவற்றையும் புரிந்துகொண்டு கைகொடுப்பவன். சிங்கப்பூர்த் தமிழ்ச் சிறுகதையில் பெண்களின் குரல் இன்று வலுவானது. லதா என்ற பெயரில் எழுதும் கனகலதாவின் ‘நான் கொலை செய்யும் பெண்கள்’ தொகுப்புக்கு 2008-இல் சிங்கப்பூர் இலக்கியப் பரிசு கிடைத்தது. கமலாதேவி அரவிந்தன், ஜெயந்தி சங்கர், சூர்ய ரத்னா என அந்த வரிசை நீள்கிறது. இந்த மரபு இன்னும் ஆழம் பெற, கதைக்குள் வரும் ஆணும் முழு மனிதனாக வேண்டும் என்பதே என் வாதம். ஆண்களுக்கு நியாயம் செய்வதற்காக இதைக் கேட்கவில்லை. ஆண் வெறும் பொம்மையானால், பெண்ணின் துயரமும் யாரோ ஒருவனின் கெட்ட குணமாகச் சுருங்கிவிடுகிறது. அவனுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்த குடும்பமும் வழக்கமும் தப்பித்துக்கொள்கின்றன.

புதுமைப்பித்தன் 1943-இல் எழுதிய ‘சாபவிமோசனம்’ கதையில் கோதமர் கொடியவர் அல்லர். மனைவி அகலிகையைக் கல்லாகச் சபித்ததை எண்ணி வருந்துகிறார், தம் நீதியையே மறுபரிசீலனை செய்கிறார். ஆனாலும் அவள் மீண்டும் கல்லாகிறாள். ஒரு கணவன் திருந்தினால் மட்டும் போதாது என்ற உண்மை நமக்கு உறைப்பது, அவர் மனம் உண்மையாகவே மாறியிருப்பதால்தான். புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ கதையின் பிரமநாயகம் பிள்ளை நோயாளி மனைவிக்குத் தம் கையாலேயே பணிவிடை செய்கிறார். ஆனால் ஜவுளிக்கடைச் சம்பளம் அவருடைய அன்பைக் கையாலாகாத அன்பாக்கிவிடுகிறது. அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’யிலோ குடும்பத் தலைவர் பப்பாஜி யாரையும் அடிப்பதில்லை. சமையலறையை ஒட்டிய வராந்தாவைப் பெரிதாக்கலாம் என்று மருமகள் மீனாட்சி சொன்ன பிறகு, அங்கே துணி காயப்போடக் கயிறுகள் கட்டப்படுகின்றன. அடுப்படியிலிருந்து தெரிந்த மலை மறைந்துபோகிறது. அவரை ஓர் அரக்கனாக எழுதியிருந்தால், இவ்வளவு சாதாரணமாக நடந்தேறும் அதிகாரத்தை நாம் கண்டிருக்க மாட்டோம்.

சிங்கப்பூர் வாழ்க்கை இத்தகைய ஆண்களை இன்னும் நுட்பமாகப் பார்க்கச் சொல்கிறது. 1961-ஆம் ஆண்டின் மாதர் சாசனம் முஸ்லிம் அல்லாதவர்களின் பலதார மணத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. இரண்டு குடும்பம் நடத்தும் கணவனை வைத்து இன்றைய கதையை நகர்த்திவிட முடியாது. இன்றைய கணவன் படித்தவன், மனைவி வேலைக்குப் போவதை விரும்புபவன். அவர்களுடைய வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் சமையலறை பணிப்பெண்ணிடம் போய்விட்டது. பணிப்பெண்ணுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்ற விதி 2013 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அந்த ஓய்வுநாளைப் பற்றிக் கதை எழுதினால், மோதல் எசமானிக்கும் பணிப்பெண்ணுக்கும் இடையே என்றே நம் மனம் போகும். வரவேற்பறையில் பேசாமல் இருக்கும் ஆண் கதையிலிருந்தே நழுவிவிடுகிறான். வீட்டுவேலை இரண்டு பெண்களின் சிக்கலாகவே நீடிப்பதற்கு அவனுடைய மௌனம்தான் காரணம். ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்கா வட்டாரத்தில் கூடும் வெளிநாட்டுக் கட்டுமானத் தொழிலாளியும் கதைகளில் கூட்டமாகவே வருகிறார். வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர் குடும்பத்தை அழைத்துவர முடியாது. ஊரிலிருக்கும் மனைவிக்கு அவர் தொலைபேசிக் குரல் மட்டுமே. தனிமையில் வாடும் அதே மனிதர், அனுப்பிய பணத்துக்குக் கணக்குக் கேட்டு மனைவியை அடக்கவும் கூடும். இந்த இரண்டையும் ஒன்றாகச் சொல்லும் கதையில்தான் அந்தப் பெண்ணின் நிலை முழுமையாகத் தெரியும்.

இதற்கு மறுப்புகள் உண்டு. காலங்காலமாக ஆண்கள் எழுதிய பல கதைகளில் பெண்கள் தாயாகவும் தாசியாகவுமே வந்து போனார்கள். இப்போது ஆணுக்கு ஆழம் கொடுக்கும் கடன் பெண்ணுக்கு எதற்கு என்று கேட்கலாம். கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கதைகள் வாழ்க்கையைப் பொய்யாகக் காட்டியதுதான் நம் குற்றச்சாட்டு; அதே பொய்யைத் திருப்பிச் சொன்னால் குற்றச்சாட்டு வலுவிழந்துவிடும். சிறுகதையில் இடமில்லை என்பது அடுத்த மறுப்பு. இடம் பக்கங்களால் கிடைப்பதில்லை. பப்பாஜியின் வீட்டைக் காட்ட அம்பைக்குத் துணிக்கயிறு போதுமாயிற்று. மூன்றாவது மறுப்புதான் கனமானது: ஆணின் மனத்தைத் திறந்து காட்டினால் வாசகர் அவனை மன்னித்துவிடுவார் என்ற அச்சம். புரியவைப்பது வேறு, மன்னிப்பது வேறு. அரக்கனைப் படிக்கும் ஆண் வாசகர் ‘நான் இப்படியில்லை’ என்று நிம்மதியாகப் பக்கத்தைத் திருப்புவார். தன்னைப் போலவே நல்லவனான ஒருவன் ஒரு பெண்ணின் வாழ்வைக் குறுக்குவதைப் படிக்கும்போது அந்த நிம்மதி கிடைக்காது.

ஆகவே நம் எழுத்தாளர்களும், சிறுகதைப் போட்டி நடுவர்களும், வாசகர் வட்டங்களும் ஒரு கதையைப் படித்ததும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்த ஆண் தன்னை நல்லவன் என்று எதை வைத்து நம்புகிறான், அந்த நம்பிக்கைக்கு இந்தப் பெண் கொடுக்கும் விலை என்ன? இதற்குப் பதில் தரும் கதைகள், பெண் எதை எதிர்த்து வாழ்கிறாள் என்பதை மழுப்பாமல் சொல்லிவிடும்.