முகவரி இல்லாதவர்களுக்கும் நூலகக் கணினி

ரேஷன் அட்டை, முதியோர் உதவித்தொகை, வாக்காளர் அட்டை, பிள்ளையின் சாதிச் சான்றிதழ் என்று எதைக் கேட்டு எந்த அலுவலகத்துக்குப் போனாலும் இப்போது முதலில் கிடைக்கும் பதில், "ஆன்லைன்ல போட்டுட்டு வாங்க." வீட்டில் ஒரு ஸ்மார்ட்போனும் அதைச் சார்ஜ் போட ஒரு பிளக்கும் இருப்பவர்களுக்கு இது அரை மணி நேர வேலை. சென்னையில் பிராட்வேயிலும் வால்டாக்ஸ் சாலையிலும் எழும்பூர் ரயில் நிலையத்தைச் சுற்றியும் நடைபாதையில் படுத்து எழுபவர்களுக்கு அதுவே நாள் கணக்கில் அலைச்சல். போன் இருந்தாலும் சார்ஜ் இருக்காது. பிரவுசிங் சென்டருக்குப் போனால் அடையாள அட்டை கேட்பார்கள். இணைய மையங்களுக்கான 2011ஆம் ஆண்டு விதிகளின்படி அவர்கள் கேட்டே ஆக வேண்டும். அந்தப் பதிவை ஓராண்டு வைத்திருக்கவும் வேண்டும். அடையாள அட்டை வாங்குவதற்காகத்தானே அவர் அங்கே வந்து நிற்கிறார்!

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பிப்ரவரி 28ஆம் தேதி இரவில் வீடற்றவர்களை எண்ணினார்கள். நாடு முழுவதும் சுமார் 17.73 லட்சம் பேர், அவர்களில் 9.38 லட்சம் பேர் நகரங்களில். அன்றிரவு எண்ண வந்தவரின் கண்ணில் படாதவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. இவர்களில் பலர் தினமும் வேலைக்குப் போகிறவர்கள். மூட்டை தூக்குகிறார்கள், கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறார்கள், பூ கட்டி விற்கிறார்கள். இல்லாதது வீடும், வீடு இருந்தால் தானாக வந்து சேரும் காகிதங்களும்தான்.

நகரத்தில் எதையும் வாங்காமல், யாருக்கும் காசு கொடுக்காமல், பகலெல்லாம் உட்கார்ந்திருக்கக்கூடிய கூரையுள்ள இடங்கள் எத்தனை? கோயில், ரயில் நிலையம், அரசு மருத்துவமனை, நூலகம். நாற்காலியும் மின்விசிறியும் இணையத்தோடு கூடிய கணினியும் ஒரே இடத்தில் கிடைப்பது நூலகத்தில் மட்டும்தான். முகவரி இல்லாத ஒருவர் தன் மற்ற உரிமைகளையெல்லாம் இடைத்தரகருக்குப் பணம் கொடுக்காமல் கேட்டுப் பெறத் தொடங்கக்கூடிய இடம் அது என்பதால், அங்கே நுழைய முகவரியோ சலவைச் சட்டையோ நிபந்தனையாகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில்தான் பிறந்தது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் அதற்காகப் பாடுபட்டார். அந்தச் சட்டத்தின்படி உள்ளாட்சிகள் சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலிக்கின்றன. இப்போது வரி ரூபாய்க்குப் பத்து பைசா. வீட்டு வரியில் ஓடும் நூலகத்தில் வீடே இல்லாதவருக்கு என்ன பங்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வாடகைக்குக் குடியிருப்பவரும் சொத்து வரி ரசீது வைத்திருப்பதில்லை. கல்லூரி விடுதி மாணவரும் வைத்திருப்பதில்லை. அவர்களை யாரும் வாசலில் நிறுத்துவதில்லை.

சட்டம் எதுவரை துணை நிற்கிறது என்பதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். "வீடற்றவர் நூலகத்துக்குள் வரலாம்" என்று எழுதிவைத்த தனிப் பிரிவு எதுவும் இல்லை. அரசியலமைப்பின் 15(2) பிரிவு, அரசுப் பணத்தில் நடக்கும் பொது இடங்களில் மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றின் பேரில் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. வறுமையும் வீடின்மையும் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் சமத்துவம் பேசும் 14ஆம் பிரிவையும் உயிர்வாழும் உரிமை பேசும் 21ஆம் பிரிவையும்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பிடி கடந்த சில ஆண்டுகளில் வலுத்திருக்கிறது. விடுதி மாணவி ஃபஹீமா ஷிரின் தொடுத்த வழக்கில் 2019இல் கேரள உயர் நீதிமன்றம், இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்றது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. அமில வீச்சில் முகம் சிதைந்து, வங்கிச் சரிபார்ப்புக்காகக் கேமரா முன் கண் சிமிட்ட முடியாமல் போனவர்களின் வழக்கு அது. மின்னணு வசதியை அணுகுவது 21ஆம் பிரிவின் ஒரு பகுதி என்றும், விளிம்புநிலை மக்களுக்கும் அது எட்டும்படி செய்வது அரசின் கடமை என்றும் தீர்ப்பு சொன்னது. நூலகத்தைக் குறித்து அந்தத் தீர்ப்பு பேசவில்லை. ஆனாலும் இணைய வசதியை மறுக்கும் எந்த அரசு நிறுவனத்திடமும் காட்டத்தக்க தீர்ப்பு அது.

உள்ளே விட்ட பிறகு யாரை வெளியே அனுப்பலாம் என்பதுதான் நூலகர்களைத் திணற வைக்கும் கேள்வி. அமெரிக்காவில் இது நீதிமன்றம் ஏறியிருக்கிறது. நியூஜெர்சியின் மாரிஸ்டவுன் நூலக வழக்கில் 1992இல் வந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பு, தகவலைப் பெறும் உரிமை வீடற்றவருக்கும் உண்டு என்று ஒப்புக்கொண்டது. அதே சமயம் மற்றவர்களை முறைத்துத் தொந்தரவு செய்வது, தாங்க முடியாத துர்நாற்றம் போன்றவற்றைத் தடுக்கும் நூலக விதிகள் செல்லும் என்றது. 2001இல் வாஷிங்டன் நகர நூலக வழக்கில், "தோற்றம் சரியில்லை" என்று சொல்லி ஒருவரை வெளியேற்றிய விதி செல்லாது என்று தீர்ப்பானது. எது சரியில்லாத தோற்றம் என்பதற்கு அளவுகோலே இல்லை என்பது அதற்குச் சொன்ன காரணம். நம் நீதிமன்றங்களை இவை கட்டுப்படுத்தாது. ஆனால் நடத்தைக்கு விதி போடலாம், தோற்றத்துக்குப் போடக் கூடாது என்ற கோடு நம் நூலகங்களுக்கும் பொருந்தும். சத்தம் போட்டால், குடித்துவிட்டு வந்தால், யாராக இருந்தாலும் வெளியே போகச் சொல்லலாம். அழுக்கு வேட்டிக்காகச் சொல்லக் கூடாது. சான் பிரான்சிஸ்கோ பொது நூலகம் 2009இலேயே வீடற்ற வாசகர்களுக்கு உதவ முழுநேரச் சமூகப் பணியாளரை வேலைக்கு வைத்தது. நம் ஊரில் பெரிய நூலகங்களிலாவது வாரத்துக்கு ஒரு நாள் மாநகராட்சிக் காப்பகத்திலிருந்து ஒருவர் வந்து உட்கார்ந்தால், நூலகரின் பாதிச் சுமை குறையும்.

விதி எழுதுகிறவர்கள் கவனிக்காத ஒன்று, பை. எல்லா நூலகத்திலும் பையை வெளியே வைத்துவிட்டுத்தான் வரச் சொல்வார்கள். நமக்கு அது சாப்பாட்டு டப்பாவும் குடையும் இருக்கும் பை. நடைபாதையில் வாழும் ஒரு பெண்ணுக்கு அந்தக் கட்டைப்பைதான் வீடு: மாற்றுப் புடவை, மாத்திரைச் சீட்டு, பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ஆதார், பிள்ளையின் பள்ளிச் சான்றிதழ், மடித்து வைத்த பணம். காவலர் இல்லாத திறந்த அலமாரியில் அதை வைத்துவிட்டு உள்ளே போகச் சொன்னால் அவர் போக மாட்டார். வாசலிலிருந்தே திரும்பிவிடுவார், அது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. ஒரு டோக்கனும் பையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளும் இருந்தால் போதும். அதுவரை, பையிலுள்ள காகிதங்களையும் பணத்தையும் மட்டும் ஒரு உறையில் எடுத்துக் கையோடு கொண்டு போகலாம்.

உட்கார்ந்து படிக்க உறுப்பினராக வேண்டியதில்லை. புத்தகத்தை வெளியே எடுத்துப் போகத்தான் உறுப்பினர் அட்டை. கன்னிமாரா, அண்ணா நூற்றாண்டு நூலகம், மாவட்ட மைய நூலகங்கள் போன்ற பெரிய இடங்களில் இணைய வசதி உண்டு. கிளை நூலகங்களில் நிலைமை இடத்துக்கு இடம் மாறும். போகும் முன் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

இனி ஆபத்துகள். பொதுக் கணினியில் ஆதார் பிடிஎஃப்பை இறக்கி, பிரிண்ட் எடுத்துவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். கோப்பு டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலேயே கிடக்கிறது. அதற்குக் கடவுச்சொல் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாது. பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்ததுதான் எல்லோருடைய ஆதார் கோப்புக்கும் கடவுச்சொல். பெயரும் வயதும் தெரிந்த யாரும் திறந்துவிடலாம். எனவே கோப்பை அழித்து, ரீசைக்கிள் பின்னிலிருந்தும் நீக்கிவிட்டு எழுந்திருங்கள். முழு எண் கட்டாயமில்லாத இடத்துக்குக் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரையே இறக்கிக்கொள்ளுங்கள். இன்னொரு பொறி வாட்ஸ்அப் வெப். ஜெராக்ஸ் எடுக்க ஒரு படத்தை அனுப்புவதற்காகத் திறந்துவிட்டு, லாக்-அவுட் செய்யாமல் போனால், அடுத்து வந்து உட்கார்பவருக்கு உங்கள் உரையாடல்கள் அத்தனையும் விரியும். போனில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" பகுதிக்குள் போய் அந்த இணைப்பை எங்கிருந்தும் துண்டிக்கலாம். "பாஸ்வேர்டைச் சேமிக்கவா?" என்று கணினி கேட்டால் வேண்டாம் என்று அழுத்த வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, உதவ வருகிறேன் என்று பக்கத்தில் வந்து உட்கார்பவர். "போனைக் குடுங்க, ஓடிபி நான் பாத்துக்கறேன்" என்பார். கொடுக்கவே கூடாது. கொஞ்சம் பணம் தருகிறேன், உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கோ சிம்மோ எடுத்துக் கொடுங்கள் என்று கேட்பவர்களும் நடைபாதைவாசிகளைத் தேடித்தான் வருகிறார்கள். மோசடிப் பணம் அந்தக் கணக்கு வழியாக ஓடும். போலீஸ் முதலில் வந்து நிற்பது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் சொல்லலாம்.

போன் திருடு போவது நடைபாதையில் அடிக்கடி நடப்பது. ஆனால் எண் போனால் ஓடிபியும் போகும், ஓடிபி போனால் ஆன்லைன் வாசல்கள் எல்லாம் மூடிக்கொள்ளும். நீண்ட நாள் பயன்படுத்தாத எண்ணை நிறுவனம் ரத்து செய்து பின்னால் வேறொருவருக்குக் கொடுத்துவிடும். அப்புறம் உங்கள் ஓடிபி முகம் தெரியாத ஒருவருக்குப் போகும். ஆகவே தாமதிக்காமல் அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்குங்கள். அது முடியாவிட்டால் ஆதார் மையத்தில் கைரேகை வைத்துப் புது எண்ணை இணையுங்கள். எண்ணை மாற்ற எந்த ஆவணமும் தேவையில்லை, கட்டணம் மட்டும் உண்டு. கைக்கு எண் வந்ததும் நூலகக் கணினியில் செய்ய வேண்டிய முதல் வேலை, அரசின் மின்னணு ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் கணக்குத் தொடங்குவது. மழையிலும், நடைபாதையை ஒழுங்குபடுத்துகிறோம் என்று வரும் வண்டியிலும் போகும் காகிதங்கள் அதிலிருந்து போகாது. அதில் வழங்கப்படும் ஆவணங்கள் சட்டப்படி அசலுக்குச் சமம்.

முகவரி இல்லாமல் ஆதார் கிடைக்காது என்று பலர் நம்புகிறார்கள். சட்டமன்ற உறுப்பினர் போன்றவர்களோ அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தின் பொறுப்பாளரோ உரிய படிவத்தில் புகைப்படத்தோடு கையெழுத்திட்டுத் தரும் சான்றை வைத்துப் பதியலாம். புதிய பதிவுக்குக் கட்டணமே கிடையாது. வாக்காளர் பட்டியலில் சேரவும் வீட்டு முகவரிச் சான்று வேண்டாம். படிவம் 6இல் நீங்கள் இரவில் படுக்கும் இடத்தை எழுதினால் போதும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து நீங்கள் அங்கேதான் உறங்குகிறீர்களா என்று பார்க்க வேண்டும் என்பது தேர்தல் ஆணைய நடைமுறை. இதற்கான உதவி எண் 1950.

இணைய மோசடியில் பணம் பறிபோயிருந்தால் உடனே 1930க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணம் கைமாறும் முன் நிறுத்த வாய்ப்பு. காவல் நிலையத்தில் "நீ எந்த ஸ்டேஷன் லிமிட்?" என்று கேட்டு விரட்டினால் தயங்காதீர்கள். 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகாரைப் பதிய வேண்டும். நகலை இலவசமாகத் தர வேண்டும். வழக்கறிஞர் வேண்டுமென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண் 15100. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானம் உள்ளவர்கள் எல்லோருக்கும் அங்கே உதவி இலவசம்.

நூலகத்திலேயே தடுத்தால், எந்த விதியின்படி என்று பணிவாகக் கேட்டு, தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு மனு எழுதுங்கள்; முதல்வர் உதவி எண் 1100லும் பதியுங்கள். பதில் வராவிட்டால், அந்த நூலகத்தில் நுழைவுக்கும் இணையத்துக்கும் உள்ள விதிகளின் நகலைக் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பிக்கலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பதற்குச் சான்று இருந்தால் அதற்குப் பத்து ரூபாய்கூடக் கட்ட வேண்டாம். பதில் வந்து சேர ஒரு இடம் சொன்னால் போதும் என்பதுதான் சட்டம். காப்பகத்தின் முகவரியையோ, தெரிந்த டீக்கடைக்காரரின் முகவரியையோ அவர் சம்மதத்தோடு எழுதிக் கொடுக்கலாம்.