இரத்தத்தில் இனம் ஏது?

விபத்தில் அடிபட்டவருக்கும், பேறுகாலத்தில் இரத்தம் இழந்த தாய்க்கும் மருத்துவமனையில் இரத்தம் ஏற்றுவதை நாம் பார்த்திருக்கிறோம். அது முன்பின் அறியாத ஒருவர் கொடுத்த இரத்தம். அதைச் சேமித்து வைக்கும் முறையைச் செம்மைப்படுத்தியவர்களுள் ஒருவர் டாக்டர் சார்ல்ஸ் ட்ரூ. அவரைப் பற்றி இன்று தெரிந்துகொள்வோம்.

ட்ரூ 1904ஆம் ஆண்டில் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் கறுப்பினக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை கம்பளம் விரிக்கும் தொழிலாளி. ஐந்து பிள்ளைகளில் மூத்தவரான ட்ரூ, சிறுவயதில் செய்தித்தாள் விற்றார். விளையாட்டுத் திறமையால் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் உதவித்தொகை பெற்றுப் படித்தார். அங்கே அவர் ஆடியது நாம் ஆடும் காற்பந்து அன்று. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் காற்பந்து.

1926இல் பட்டம் பெற்றார். மருத்துவம் படிக்க ஆசை, கையிலோ பணமில்லை. ஆகவே, பால்டிமோர் நகரின் மோர்கன் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தார். வகுப்பில் உயிரியலும் வேதியியலும் கற்பித்தார். திடலில் காற்பந்துப் பயிற்றுநராக இருந்தார். இரண்டாண்டுகள் பணம் சேர்த்துக்கொண்டு, கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். 1933இல் 137 மாணவர்களுள் இரண்டாமவராகத் தேறி மருத்துவரானார்.

பின்னர் நியூயார்க்கில் இரத்தச் சேமிப்பைப் பற்றி ஆராய்ந்தார். கோப்பையில் விட்ட ரப்பர்ப் பால் உறைந்துவிடும் அல்லவா? உறையாமலிருக்க அமோனியா கலப்பார்கள். இரத்தமும் அப்படியே. அது உறையாமலிருக்கச் சிட்ரேட் என்னும் உப்பைக் கலப்பார்கள். ஆயினும் அக்காலத்தில் முழு இரத்தம் ஏறத்தாழ ஒரு வாரமே தாங்கும். பிறகு சிவப்பணுக்கள் சிதையும். அணுக்களைப் பிரித்துவிட்டால் எஞ்சுவது வைக்கோல் நிற நீர். அதுவே பிளாஸ்மா. இரத்தத்தில் பாதிக்கு மேல் அதுதான். அது நெடுநாள் கெடாது. இரத்தம் இழந்தவரின் உயிரைத் தாங்கிப் பிடிக்கவும் உதவும்.

பிளாஸ்மாவைக் கண்டறிந்தவர் ட்ரூ அல்லர். அதைக் கிருமி அண்டாமல் பெருமளவில் திரட்டும் ஒழுங்கை வகுத்ததே அவருடைய பெருமை. 1940இல் ஜெர்மானியக் குண்டுவீச்சில் பிரிட்டன் தவித்தபோது, நியூயார்க்கில் ஏறக்குறைய 15,000 பேர் இரத்தம் கொடுத்தார்கள். அந்தப் பணியை மேற்பார்த்தவர் ட்ரூ. மறு ஆண்டு, மக்கள் இருக்குமிடத்திற்கே சென்று இரத்தம் பெறும் வண்டிகளையும் ஏற்பாடு செய்தார்.

ஆனால் நடந்தது என்ன? அமெரிக்கப் படைவீரர்களுக்கு இரத்தம் திரட்டியபோது, கறுப்பினத்தவரின் இரத்தத்தை முதலில் மறுத்தார்கள். 1942இல் ஏற்றுக்கொண்டும் தனியே பிரித்து வைத்தார்கள். வழி வகுத்தவரின் இரத்தத்திற்கே இந்த நிலை! இதற்கு அறிவியலில் ஆதாரமில்லை என்று ட்ரூ கண்டித்தார். ஏ, பி, ஏபி, ஓ என்னும் பிரிவுகள் எல்லா இனத்தாரிடமும் உண்டு. செஞ்சிலுவைச் சங்கம் அப்பாகுபாட்டை 1950இல்தான் கைவிட்டது.

1941இல் ட்ரூ ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவப் பேராசிரியரானார். திடலில் ஆட்டக்காரர்களைப் பழக்கியவர், அங்கே இளம் கறுப்பின மருத்துவர்களைத் தேர்ந்த அறுவை மருத்துவர்களாக உருவாக்கினார்.

1950 ஏப்ரல் முதல் நாள் கார் விபத்தில் இறந்தார். வயது 45. வெள்ளையர் மருத்துவமனை சிகிச்சை தர மறுத்ததால் இறந்தார் என்றொரு கதை பரவியது. அது உண்மையன்று. அங்கிருந்த வெள்ளை மருத்துவர்கள் முயன்றார்கள். காயம் மிகக் கடுமை. ஆனால் அப்படி மறுக்கப்பட்டவர்கள் அந்நாட்டில் இருந்தார்கள். அதனால்தான் மக்கள் அக்கதையை நம்பினார்கள்.

நம்மில் சிலர், இரத்தம் கொடுத்தால் உடம்பு தளர்ந்துவிடும் என்று அஞ்சுகிறோம். நலமுள்ளவரின் உடல், கொடுத்த பிளாஸ்மாவை ஓரிரு நாளிலும் சிவப்பணுக்களைச் சில வாரங்களிலும் ஈடுசெய்துவிடும். மருத்துவர் சோதித்துத் தகுதி என்று சொன்னால் தயங்காமல் கொடுப்போம். யாருக்குப் போகிறது என்று கேட்க வேண்டியதில்லை.