வேலூர்க் கோட்டையில் ஓர் ஆப்பிரிக்க வீரர்

திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் வழியாகக் கிழக்கே பிரயாணம் செய்தவர்கள் செஞ்சிக் கோட்டையைப் பாராமல் இருந்திருக்க முடியாது. கோட்டை கண்ணில் பட்டதும் குழந்தைகளுக்குத் தேசிங்கு ராஜன் கதையைத் தொடங்கிவிடுகிறோம். அதற்குச் சுமார் நாற்பது வருஷம் முந்திய இன்னொரு கதை ஏனோ நம் நினைவுக்கு வருவதில்லை.

1677-ஆம் வருஷம், சிவாஜி மகாராஜா பீஜப்பூர் சுல்தானின் வசமிருந்த செஞ்சியைக் கைக்கொண்டு வேலூரையும் முற்றுகையிட்டார். செஞ்சி சீக்கிரத்தில் கைமாறியது. வேலூர் மசியவில்லை. சுற்றிலும் அகழி, அதில் முதலைகள். உள்ளே கோட்டைத் தலைவராக இருந்தவர் அப்துல்லா கான் என்னும் அபிஸீனியர். பக்கத்துக் குன்றுகளில் பீரங்கிகளை ஏற்றியும் பயனில்லை. ஓராண்டுக்கு மேல் அவர் தாக்குப்பிடித்தார். கொள்ளைநோய் கண்டு வீரர்கள் மடிந்த பிறகே, 1678-ல் கோட்டையை ஒப்புவித்தார்.

அபிஸீனியருக்கு வேலூரில் என்ன வேலை என்று நேயர்கள் கேட்கலாம். ஆப்பிரிக்கச் சிறுவர்களை அடிமைகளாக விலைக்கு வாங்கிப் போர்வீரர்களாக்குவது தக்காண சுல்தான்களின் வழக்கம். அப்படி விற்கப்பட்டவர்தான் மாலிக் அம்பர். பல கை மாறி அகமதுநகரத்துக்கு வந்த அவர், அந்த ராஜ்யத்தையே நடத்தும் மந்திரியானார். 1626-ல் இறக்கும்வரை மொகலாயப் படைகளைத் தம் மறைந்து தாக்கும் யுத்தத்தால் திணறடித்தார். பின்னாளில் ஔரங்காபாத் எனப்பட்ட நகரை நிர்மாணித்து, பூமிக்கடியில் வாய்க்கால் அமைத்துக் குடிநீர் கொடுத்தவரும் அவரே. அடிமைச் சந்தையில் அவருக்கு விலை பேசியவர்கள் இதைக் கனவிலும் கண்டிருக்கமாட்டார்கள்!

ஆப்பிரிக்காவிலிருந்து அவ்வாறு வந்தவர்களின் சந்ததியார் இன்றும் நம் தேசத்தில் இருக்கிறார்கள். ஸித்திகள் என்று பெயர் (நம் வீட்டுச் சித்தியுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம்). வட கன்னட ஜில்லாவில் எல்லாப்பூர், ஹளியாள் பக்கத்துக் காடுகளை ஒட்டி வாழ்கிறவர்கள் கொங்கணி பேசுகிறார்கள். அவர்களில் இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் எல்லோரும் உண்டு. 2003-ல்தான் அவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். தலைமுறை தலைமுறையாக இம்மண்ணில் பாடுபடுகிறவர்களைச் சுருட்டை முடிக்காக, "உங்களுக்கு எந்த தேசம்?" என்று கேட்பதைவிடக் கொடுமை வேறென்ன?

குஜராத்தில் உள்ள ஸித்திகள் 'மலுங்கா' என்றொரு வாத்தியம் வாசிக்கிறார்கள். ஒரு வில், ஒற்றைத் தந்தி, அதில் கட்டிய சுரைக்குடுக்கை.  கடலுக்கு அப்பால் பிரேஸிலுக்கு அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட ஆப்பிரிக்கரின் சந்ததியாரும் இதே வில்லையும் குடுக்கையையும் வைத்துக்கொண்டு, 'பெரிம்பாவ்' என்று பெயரிட்டு வாசித்துவருகிறார்கள்.